பி-யில் வைத்து எடுத்தால் பாவமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போது பாதி படித்துவிட்டு லைக் போட வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படியுங்கள். வாத்தியார் கோபமாக இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, "தாத்தா, ஃபிலிம் கேமராவில் எடுத்துப் பார்க்கணும்" என்று கேட்டாள். பரண் மேலிருந்த என் பழைய நிக்கான் எஃப்.ஜி-யை இறக்கி, பின் கதவில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் மக்கிப்போயிருந்ததைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டி, இரண்டு பட்டன் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். டயலை பி-யில் வைத்து, "இப்போதைக்கு இதிலேயே எடு, மற்றதைப் பிறகு சொல்லித் தருகிறேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபிலிம் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து மயிலாப்பூர் மாட வீதிகளில் படமெடுக்கப் போனபோது இவளும் போயிருக்கிறாள். அங்கே ஒருவர் இவள் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, பி-யிலயா எடுக்கிறே? ஆட்டோவில எடுக்க எதுக்கும்மா ஃபிலிம்? போன்லயே எடுத்துட்டுப் போயிடலாமே" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். 36 படம் உள்ள ரோலில் 11 எடுத்திருந்தாள். அதோடு நிறுத்திவிட்டாள். போன வாரம் வந்தபோது கேமராவை என் மேஜையில் வைத்து, "எனக்கு இது சரிப்பட்டு வராது தாத்தா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அந்தக் குழுவில் ஒரு பதிவும் வந்திருக்கிறது. பி மோடில் எடுப்பவர் போட்டோகிராபரே இல்லை, வெறும் பட்டன் அமுக்குபவர் என்று. அதை எழுதியவன் என் மாணவன். லைக் போட்டவர்களில் இன்னும் நாலு பேர் என் மாணவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

டேய் கண்ணா, உனக்குத்தான் முதலில் பதில்.

ஒன்பதாம் வகுப்பில் செருப்பு டப்பாவில் ஊசியால் துளை போட்டு, டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஜன்னலுக்கு வெளியே இருந்த புங்க மரம் தலைகீழாகத் தெரிந்தபோது நீ கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த டப்பாவில் மீட்டர் இல்லை. துளையைப் பெரிதாக்க முடியாது, சின்னதாக்கவும் முடியாது. திருப்ப ஒரு வளையம்கூடக் கிடையாது. அன்று நீ பார்த்தது ஒளிப்படக் கலையின் அடிப்படை இல்லையா? வளையம் திருப்புவதுதான் கலை என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

சரி, வாதத்துக்கு வருவோம். வாத்தியார் அல்லவா, எண் போட்டுச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

1. உங்கள் மேனுவல் எவ்வளவு மேனுவல்?

நீங்கள் மேனுவலில் எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். கண்ணை வைக்கிறீர்கள். உள்ளே முள்ளோ சின்ன விளக்கோ தெரிகிறது. அது நடுவுக்கு வரும்வரை வளையத்தைத் திருப்புகிறீர்கள். வந்ததும் அமுக்குகிறீர்கள். இதில் முடிவு எடுத்தது யார்? மீட்டர். அது சொன்னதை நீங்கள் கையால் செய்தீர்கள், அவ்வளவுதான். பி-யில் அதே மீட்டர் சொன்னதை கேமராவே செய்கிறது.

மீட்டர் தப்பாகச் சொன்னால் பி-யில் எடுத்த படமும் கெடும், நீங்கள் முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்த படமும் அதே அளவு கெடும். வித்தியாசம் ஒன்றுதான். உங்களுக்கு ஐந்து விநாடி கூடுதலாக ஆகியிருக்கும், அதற்குள் எதிரே இருந்த பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

உண்மையான மேனுவல் என்றால் மீட்டர் சொல்வதைக் கேட்டு, "நீ சொல்வது இந்த இடத்தில் தப்பு" என்று அதை மீறத் தெரிவது. அப்படி மீறத் தெரிந்தவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். அவர்கள் யாரும் ஒரு சின்னப் பெண்ணின் டயலைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

2. பி என்பது அறியாமை அல்ல, வேறொருவரின் அறிவு.

பிளஸ் டூ பிசிக்ஸ் மறந்தவர்களுக்காக. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம். நல்ல வெயில். எஃப் 16-இல் 1/125 விநாடி. இதே அளவு வெளிச்சம் எஃப் 11-இல் 1/250-க்கும் விழும், எஃப் 8-இல் 1/500-க்கும் விழும், எஃப் 5.6-இல் 1/1000-க்கும் விழும். துளை ஒரு படி பெரிதானால் நேரம் பாதியாகும். லாக் டேபிளை வைத்து மாரடித்தோமே, அதே லாகரிதம்தான், அடிமானம் மட்டும் 2.

இந்த ஜோடிகளில் எது வேண்டும் என்பதுதான் கேள்வி. கை நடுங்கினால் படம் கலங்கும், அதனால் நேரம் ரொம்ப நீளக்கூடாது. துளை ரொம்பப் பெரிதானால் முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் போகும். இரண்டுக்கும் நடுவே, வெளிச்சம் குறையக் குறைய துளையையும் கொஞ்சம் பெரிதாக்கி, நேரத்தையும் கொஞ்சம் நீட்டிப் போகும் ஒரு கோட்டை வரைபடத்தாளில் போட்டு, அதை மின்சுற்றில் இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் புரோகிராம். யாரோ பல பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்த கோடு அது. அதைப் பயன்படுத்துவது கேவலம் என்றால், பஞ்சாங்கம் பார்த்து அமாவாசை சொல்வதும் கேவலம்தான். நீங்களே கணித்துச் சொல்லுங்களேன்.

இன்னொன்று. பி என்பது டிஜிட்டல் காலம் கொண்டுவந்த சோம்பேறித்தனம் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். தம்பி, கொஞ்சம் வரலாறு படிக்க வேண்டும். ஜெர்மனியில் அக்ஃபா ஆப்டிமா 1959-லேயே தானாக வெளிச்சம் பார்த்து எடுத்தது, அதுவும் பேட்டரி இல்லாமல், செலினியம் மீட்டரில். 1978-இல் கேனன் ஏ-1-இல் பி இருந்தது. 1981-இல் கேனன் ஏ.ஈ-1 புரோகிராமும் மினோல்டா எக்ஸ்-700-ம் வந்தன. என் எஃப்.ஜி 1982-இல் வந்த மாடல். அதாவது பி என்பது அசல் ஃபிலிம் காலத்துச் சொத்து. அந்தக் குழுவிலேயே கழுத்தில் ஏ.ஈ-1 புரோகிராமை மாட்டிக்கொண்டு சிரித்தவர் ஒருவர் உண்டாம். கேமராவின் பெயரிலேயே புரோகிராம் இருக்கிறதே ஐயா!

3. கடைசியில் லேபில் என்ன நடக்கிறது?

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். நீங்கள் மூச்சை அடக்கி, எஃப் நம்பர் திருப்பி, தவம்போல் எடுத்த கலர் நெகட்டிவை எங்கே கொடுக்கிறீர்கள்? லேபில். அங்கே ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது இருட்டு, இது வெளிச்சம் என்று தானாகவே சரிசெய்கிறது, அல்லது அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் இரண்டு பட்டனைத் தட்டிச் சரிசெய்கிறான். அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் வித்தியாசமெல்லாம் அங்கேயே கரைந்துபோகிறது. படத்தின் கடைசி வெளிச்சத்தை ஒரு இயந்திரம் முடிவு செய்ததில் உங்களுக்கு வெட்கமில்லை. முதல் வெளிச்சத்தை ஒரு இயந்திரம் முடிவு செய்தால் மட்டும் கலை செத்துவிடுமா?

சொந்தமாக இருட்டறை வைத்து, சொந்தமாகக் கழுவி, சொந்தமாக அச்சுப் போடுபவர்கள் பேசட்டும், நான் கைகட்டிக் கேட்கிறேன்.

4. பி எங்கே தோற்கும்?

தோற்கும். மறைக்கவில்லை. கேமராவுக்கு வெள்ளை தெரியாது, கறுப்பு தெரியாது. பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே அது நினைக்கும். வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேரைச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன் நிறுத்தினால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று பயந்து குறைத்துவிடும். வேட்டி அழுக்காகும், முகம் கருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரை எடுத்தால் ஜன்னல் நன்றாக வரும், ஆள் நிழலாவார். இதற்காகவே எஃப்.ஜி-யில் முன்பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அமுக்கிக்கொண்டு எடுத்தால் இரண்டு ஸ்டாப் கூடுதலாக விழும். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்தால்தான் நிழலில் இருப்பதெல்லாம் காணாமல் போகும். ஸ்லைடு ஃபிலிம் அப்படி இல்லை, அதில் இரண்டு பக்கமும் ஜாக்கிரதை வேண்டும்.

குற்றாலத்தில் தண்ணீர் பட்டுநூல்போல் விழுவதாக வேண்டுமென்றால் நேரத்தை நீட்ட வேண்டும், பி அதைச் செய்யாது. வாடிவாசலிலிருந்து பாயும் காளையின் நாலு காலும் அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் 1/1000 வேண்டும், பி அதை உனக்காக நினைத்துப் பார்க்காது. அப்போது பி-யை விட்டு இறங்கு. அதற்குத்தான் டயலில் மற்ற எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன.

ஆனால் பி தோற்கும் இடம் எது என்று தெரிந்துகொள்வதே பாதிப் படிப்பு. முதல் ரோல் முழுக்க பி-யில் எடுத்து, கழுவி வந்ததும், "இந்தப் படம் ஏன் கறுத்தது?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் புரியும், ஆயுசுக்கும் மறக்காது. முதல் ரோலிலேயே 36-இல் 30 கெட்டுப்போன பிள்ளைக்கு எது எதனால் கெட்டது என்றே தெரியாது. குழந்தை இலக்கணம் படித்துவிட்டா "அம்மா" என்கிறது? முதலில் பேசட்டும். எழுவாய் பயனிலை பிறகு வரும். 34 வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இந்த வரிசை மாறினால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். என் பேத்தி மூடிவிட்டாள்.

"ஃபிலிம் விலை அதிகம், அதனால் யோசித்து எடுக்க வேண்டும், பி-யில் யோசனை போய்விடும்" என்கிறீர்கள். ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்று ஆயிரத்தைத் தாண்டுகிறது, உண்மை. அதனால்தான் சொல்கிறேன், புதிதாக வரும் பிள்ளையின் ஆயிரம் ரூபாயை உங்கள் கொள்கைக்காக எரிக்காதீர்கள். யோசிக்க வேண்டியது எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது, யாரை எடுப்பது, யாரை எடுக்காமல் விடுவது. இதையெல்லாம் எந்த மோடும் நமக்காகச் செய்யாது.

5. இப்போது என் கதை.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1983. என்னிடம் ரஷ்யாவில் செய்த ஜெனித் கேமரா. இரும்புக் கட்டி மாதிரி கனம். எல்லாமே கையால்தான். மீட்டர் முள்ளைப் பார்த்து, மேலே உள்ள வட்டைத் திருப்பி எண்ணைப் படித்து, அதை ஷட்டரிலும் லென்ஸிலும் தனித்தனியாக வைத்து, துளையைத் திறந்து ஃபோகஸ் பார்த்து, மறுபடி துளையை மூடி, பிறகு எடுக்க வேண்டும். எனக்கு அதில் பெருமை. வீட்டில் யாரையும் தொட விட மாட்டேன். "உங்களுக்கெல்லாம் புரியாது" என்பேன்.

அந்த வருஷம் என் அக்கா மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்து. தாய்மாமன் நான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். அப்போது கேமராவை யார் பிடிப்பது? சித்தப்பா மகனிடம் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் சடங்கு. லேசான மேகம். 1/125, எஃப் 8 என்று வைத்து, "எதையும் திருப்பாதே, பார்த்து அமுக்கு, போதும்" என்றேன்.

உட்காரும் நேரத்தில் மழை தூறியது. எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடினோம். உள்ளே இருட்டு. அங்கே வேண்டியது 1/30, எஃப் 2. இரண்டுக்கும் ஆறு ஸ்டாப் வித்தியாசம். 64 மடங்கு. குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் சிரிக்க, யாருக்கும் அது ஞாபகமில்லை. எனக்கும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, எதையும் திருப்பாமல், அவன் ஏழு படம் எடுத்தான்.

ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம். கழுவி வந்த நெகட்டிவில் அந்த ஏழும் கண்ணாடிபோல் இருந்தன. ஒன்றுமே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளக்குத் திரி மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அந்த ஏழு படத்திலும் என் அப்பா இருந்தார். எனக்குப் பின்னால் நின்று, என் தோளில் கை வைத்துக்கொண்டு, பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அப்பா என் தோளில் கை வைத்ததே அபூர்வம். அந்த ஐப்பசியில் அவர் போய்விட்டார். நானும் அப்பாவும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரை நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. எல்லாம் சரியான எக்ஸ்போஷர். எதிலும் நான் இல்லை.

சித்தப்பா மகன்மேல் தப்பில்லை. கேமராமேலும் தப்பில்லை, அதன் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக அதை வைத்திருந்த என் கர்வத்தின்மேல்தான் தப்பு.

1986-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் எஃப்.ஜி-யைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் என் மனைவியிடம் மூன்றே விஷயம் சொன்னேன். லென்ஸ் வளையம் 22-இல் இருக்கட்டும், டயல் பி-யில் இருக்கட்டும். நடு வட்டத்தில் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரிவது ஒன்றாகச் சேரும்வரை லென்ஸைத் திருப்பு. கீச்சென்று சத்தம் வந்தால் வெளிச்சம் குறைவு, 1/30-க்கும் கீழே போகிறது என்று அர்த்தம், தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன், அம்மா என்னிடம் ஏதோ சொல்ல, நான் நிமிர்ந்து பார்க்கிறேன். "சார், இது நீங்க டைமர் வெச்சு எடுத்ததா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது என் மனைவி எடுத்தது. பி-யில். எஃப் நம்பர் என்றால் என்னவென்று அவளுக்கு அன்று தெரியாது. அம்மா எப்போது என்னைப் பார்த்துப் பேசுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியாது.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். கேமரா தெரிந்த ஒருவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அந்த டயலில் பி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கேமரா கை மாறியது. அதற்குப் பிறகுதான் ஆல்பத்தில் நானும் வந்தேன்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து படித்தாள். "அந்தப் பையனைத் திட்டறீங்களே, நீங்க என்ன யோக்கியம்? அந்த ரஷ்யா கேமராவை மூணு வருஷம் என்னைத் தொட விட்டீங்களா?" என்றாள். விடவில்லை. அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். நான் கோபப்படுவது அந்தப் பையன்மேல் மட்டுமல்ல.

ஆகவே கண்ணா, உன்னிடம் ஒரு வேண்டுகோள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்காதே. அடுத்த ஞாயிறு என் பேத்தியைக் கூப்பிடு. அவள் டயல் எங்கே இருக்கிறது என்று பார்க்காதே. படம் கழுவி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, எது ஏன் நன்றாக வந்தது, எது ஏன் கெட்டது என்று சொல்லிக்கொடு. ஆறே மாதத்தில் அவளே மேனுவலுக்குப் போவாள். போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உறவுகளுக்கு ஒன்று. பரணில் பழைய கேமரா இருந்தால் இறக்குங்கள். உள்ளே பேட்டரி கசிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுப் பெண்கள் கையிலும் பிள்ளைகள் கையிலும் கொடுங்கள். எடுத்தவர் இல்லாத ஆல்பம் இனி வேண்டாம்.

இதை முடிக்கும்போது ராத்திரி ஒன்பதரை. பேத்தி விட்டுப்போன கேமரா மேஜையில்தான் இருந்தது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டியூப் லைட் வெளிச்சத்தில் நான் பனியனோடு உட்கார்ந்து டைப் அடிப்பதை எடுத்துவிட்டாள். இன்னும் 24 பாக்கி.

மாத்திரை போட நேரமாகிவிட்டது, கூப்பிடுகிறாள். மறுத்துச் சொல்ல இருப்பவர்கள் தாராளமாகக் கமெண்டில் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதவும்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்